மணியோட ஒரு மார்னிங் வாக்!

லீவுக்கு ஊருக்கு வந்தா பத்து மணி வரைக்கும் தூங்குற கோஷ்டியா நீங்க? ஒரே ஒரு நாள் ஆறு மணிக்கு எழுந்து, வீட்டு நாயைக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வெளியே நடந்து பாருங்க. அதுவும் மாசி, பங்குனியில! ஊட்டி, கொடைக்கானல்னு காசைக் கரைக்க வேண்டாம். நெல்லை - தென்காசி ரோட்டில் இருக்கிற எங்க ஆலங்குளமே போதும்.

மார்க்கெட் சத்தத்தைத் தாண்டினா செம்மண் காடு, பனைமரம், தூரத்தில் பொத்தை (குன்றுக்கு எங்க ஊர்ப் பேரு). வேலி ஓரம் மஞ்சளா ஆவாரம்பூ. காலடியில் வெள்ளைத் தும்பை. நாய் மோப்பம் பிடிக்கிற இடத்தில் நீங்களும் குனிஞ்சு பாருங்க. சட்டைப் பட்டன் சைஸ்கூட இல்லாத நீலப் பூ தெரியுதா? அதுதான் விஷ்ணுகிரந்தி. எருக்கஞ்செடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு இருந்தா உங்களுக்கு லக்! வெந்தய வரியன் பட்டாம்பூச்சியா மாறப்போற ஆள் அது. எருக்கம்பாலின் விஷம் உடம்பில் ஏறியிருப்பதால் பறவைகள் அதைத் தின்னத் தயங்கும். மொட்டைப் பனையில் உட்கார்ந்திருக்கிற பனங்காடை பார்க்க சாதா பழுப்புதான். பறக்கும்போது பாருங்க, சிறகெல்லாம் நீலம்!

இதுவரைக்கும் ஜாலி. இனி என் சோகக்கதை.

ஒரு பங்குனிக் காலையில், வற்றிப்போன குளத்துக்குள்ள எங்க மணியை அவிழ்த்து விட்டேன். தலைக்கு மேல ஆட்காட்டிக் குருவி ரெண்டு கத்திக்கிட்டே சுத்துச்சு. எனக்குச் சிரிப்பு. ஆடு மேய்க்கிற தாத்தாதான் பதறிட்டார். "ஏலே, நாயைப் புடில! முட்டை கெடக்கு!"

ஓடிப் போறதுக்குள்ள நாலு முட்டையில ரெண்டு காலி. ஆட்காட்டி கூடு கட்டாது. வெறுந்தரையில் சின்னக் குழி, அவ்வளவுதான். மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை நம்ம கண்ணை ஏமாத்திடும். நாய் மூக்கை ஏமாத்துமா? மணியைத் திட்டி என்ன பண்றது? கயிறு என் கையில்ல சும்மா கிடந்துச்சு!

விஷயம் அதோட முடியலை பாஸ். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கே, அது பறவை முட்டையைச் சேதப்படுத்துறதையும், கூட்டைக் கலைக்கிறதையும்கூட 'வேட்டை'ன்னுதான் சொல்லுது.

மறுநாளும் போனேன், மணியைக் கயித்துல கட்டி. தூரத்திலேயே நின்னுட்டோம். மிச்சம் ரெண்டு முட்டை மேல தாய்ப்பறவை உட்கார்ந்திருந்துச்சு. எங்களைப் பார்த்து ஒரு தடவை கத்திச்சு. நாங்க திரும்பி நடந்தோம்.

நீங்களும் கிளம்புங்க. கேமரா மறந்தாலும் பரவாயில்லை, கயித்தை மறந்துடாதீங்க!