அக்காவின் எண் 19

ஜூன் 4

பேத்தாலஜி ரிப்போர்ட் கைக்கு வந்தது. அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கட்டி 2.1 சென்டிமீட்டர். அக்குளில் எடுத்த நிணநீர்க் கணுக்களில் ஒன்றுமில்லை. ஈ.ஆர். பாசிட்டிவ், அதாவது ஹார்மோனைச் சார்ந்து வளர்வது; ஹெர்-2 நெகட்டிவ். அக்காவுக்கு 48 வயது. மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. ஹார்மோன் மாத்திரை உறுதி என்றார் டாக்டர். கீமோ தேவையா என்று சொல்லக் கட்டியின் ஜீன்களைப் பார்க்கும் ஒரு டெஸ்ட் இருக்கிறதாம்.

ஜூன் 6

டெஸ்டின் பெயர் ஆன்கோடைப் டி.எக்ஸ். கட்டியில் 21 ஜீன்கள் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்று அளக்கிறார்கள். நோயோடு தொடர்புடையவை 16. மீதி 5 ஒப்பிட்டுப் பார்க்க. செல்கள் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் ஜீன்கள் எண்ணை ஏற்றும். ஈஸ்ட்ரோஜன் சார்ந்த ஜீன்கள் இறக்கும். கடைசியில் 0 முதல் 100 வரை ஓர் எண்.

செலவு லட்சக்கணக்கில். பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் என்ற டெஸ்டுக்குச் செலவு குறைவு. அது 5 புரதங்களைப் பார்க்கிறது. கீமோவால் பலன் உண்டா என்று பெரிய ஆய்வில் சோதிக்கப்பட்டது ஆன்கோடைப்தான் என்பதால் டாக்டர் அதைச் சொன்னார். "சீட்டை எடுத்துடலாம்" என்றாள் அக்கா. மகள் கல்யாணத்துக்கென்று கட்டிவந்த சீட்டு.

ஜூன் 7

லேபிலிருந்து பிளாக் வாங்கி, அனுப்பக் கொடுத்தோம். மெழுகில் பதித்த ஒரு துண்டுச் சதை. கலிபோர்னியாவில் ரெட்வுட் சிட்டிக்குப் போகிறது.

ஜூன் 15

அக்கா மகள் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள்: "சித்தி, ஜீன்னா எனக்கும் வந்திருக்கும்தானே?" எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாளோ. இது பரம்பரையாக வரும் ஜீன் கோளாறைப் பார்க்கும் பி.ஆர்.சி.ஏ. டெஸ்ட் இல்லை, அதற்கு ரத்தத்தையோ எச்சிலையோ பார்ப்பார்கள், இது அம்மாவின் கட்டிக்குள் நடப்பதை மட்டும் பார்க்கிறது என்றேன். "அப்ப அந்த டெஸ்ட்டை எப்ப எடுக்கறது?" என்றாள். டாக்டரிடம் கேட்போம் என்று சொல்லி அனுப்பினேன். இருபது வயதுப் பெண்.

ஜூன் 19

ரிசல்ட் இன்றும் வரவில்லை.

ஜூன் 24

19.

போனில் எண்ணைக் கேட்டதும் குறைவுதான் என்று சந்தோஷப்பட்டோம். மாலையில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். டெய்லர்எக்ஸ் என்று ஓர் ஆய்வு, 2018-இல் முடிவு வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். எண் 11 முதல் 25 வரை வந்தவர்களில் பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும், பாதிப் பேருக்குக் கீமோவும் சேர்த்து. 50 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீமோவால் கூடுதல் பலனே இல்லை. எத்தனை ஆயிரம் பெண்களைக் கீமோவிலிருந்து விடுவித்த முடிவு! 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் 16-இலிருந்து கொஞ்சம் பலன் தெரிந்தது. 16 முதல் 20 வரை என்றால், நோய் வேறு உறுப்புக்குப் பரவுவது 9 ஆண்டுகளில் நூற்றுக்கு 1.6 பேருக்குக் குறைகிறது. 21-இலிருந்து 25 வரை 6.5.

அதாவது அக்காவைப் போல அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கீமோ எடுத்தால், ஒருத்திக்கு அது பயன்படும்.

அந்தப் பலனும் மருந்து செல்லைக் கொல்வதால் மட்டும்தானா, கீமோ சினைப்பையை ஓயவைப்பதாலா என்பது இன்னும் தீரவில்லையாம். சினைப்பைதான் காரணம் என்றால், மாதாமாதம் ஓர் ஊசியிலேயே அதை ஓயவைக்கலாம்.

இன்னும் மூன்று வருஷம் கழித்து வந்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை.

ஜூன் 25

தூக்கம் இல்லை, கோபம்தான் வருகிறது. அந்த ஆய்வு நடந்தது அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, பெரு நாடுகளில். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். பெரும்பாலோர் 50 தாண்டியவர்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு இந்த நோய் சுமார் பத்து வருஷம் முன்னதாகவே வந்துவிடுகிறது. பதில் தெளிவாக இருக்கும் பக்கத்தில் அவர்கள் அதிகம். தெளிவில்லாத பக்கத்தில் நம்மவர்கள் அதிகம். இங்கே, நம் பெண்களை வைத்து, இவ்வளவு பெரிய ஆய்வு ஒன்று நடந்தே ஆகவேண்டும்.

ஜூன் 28

அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கொக்கி கட்டிக்கொண்டிருந்தாள். 1.6 என்பதை மறுபடி விளக்கினேன். ஊசியைக் கோத்து முடித்துவிட்டு, "கீமோ போட்டா விரல் மரத்துப் போகுமாமே. ஆஸ்பத்திரில பக்கத்துப் பெட்காரம்மா சொன்னாங்க. அது நூத்துக்கு எத்தனை பேருக்கு?" என்றாள்.

முடி கொட்டுவதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்காதவள். இருபத்தைந்து வருஷமாக அந்த விரல்களை வைத்துத்தான் வீடு ஓடுகிறது. மரத்துப்போவது அந்த மருந்துகளில் சிலவற்றுக்கு உண்டு. பலருக்குச் சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும். அறுபது பேரில் தப்பிக்கும் ஒருத்தியைப் பற்றி எல்லோரும் சொன்னார்கள். மற்றவர்களின் விரல்களைப் பற்றி ரிப்போர்ட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஜூன் 29

"அந்த ஒருத்தி நானா இருந்தா?" இரவு விளக்கணைத்த பிறகு அக்கா. நான் பதில் சொல்லவில்லை.

ஜூலை 2

வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அக்கா தன் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை எழுதியிருக்கிறாள்: ஊசி போதுமா, விரல் மரத்தால் மருந்தை மாற்றலாமா, மகளுக்கு டெஸ்ட் எப்போது. கீமோவா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எது முடிவானாலும் மாத்திரை குறைந்தது 5 வருஷம். இந்த வகை நோய் அதற்குப் பிறகும், 20 வருஷம் வரைகூட, திரும்பி வரலாம் என்பதால் செக்கப்பை எந்த வருஷமும் விடக்கூடாது.