புளோரன்ஸ் நகரின் மலர்க்குன்று

இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் செல்வோர் பேராலயத்தையும் ஓவியக் கூடங்களையும் கண்டு திரும்பிவிடுவர். ஆர்னோ ஆற்றின் தென்புறம், மைக்கலாஞ்சலோ சதுக்கத்தை அடுத்த சரிவில், ஐரிஸ் மலர்களுக்கென்றே ஒரு தோட்டம் இருப்பதைப் பலர் அறியார். அறிந்தவர்க்கும் வாய்ப்புக் குறைவே. ஏப்ரல் இறுதியில் திறந்து, மே 20 அளவில் அடைத்துவிடுகின்றனர்.

மூன்று இதழ்கள் நிமிர்ந்து நிற்க, மூன்று இதழ்கள் கீழே தொங்கும். தொங்கும் இதழின் நடுவே மென்மயிர் வரிசை ஒன்று உண்டு. அதனால் இவ்வினத்தைத் தாடி ஐரிஸ் என்பர். நகரச் சின்னத்தில் உள்ள மலரை மக்கள் லீலி என்றே அழைப்பினும், அதுவும் ஐரிஸ்தான். முன்னர் அது செந்நிறக் களத்தில் வெண்மலராய் இருந்தது. 1251-இல், உட்பகையில் வென்ற குவெல்புக் கட்சியினர் எதிரிகளை வெளியேற்றியபின், வெண்களத்தில் செம்மலராய் மாற்றினர். வேடிக்கை என்னவெனில், தூய சிவப்புத் தாடி ஐரிஸ் இன்றுவரை எங்கும் பூத்ததில்லை! 1954-இல் தோன்றிய இத்தோட்டத்தில் 1957 முதல் நடைபெறும் பன்னாட்டுப் போட்டியில், சிவப்பு வகைக்கெனத் தனிப் பரிசே உண்டு. செம்பழுப்பும் செங்கல் நிறமும் வருகின்றன. கொடியிலுள்ள சிவப்பு மட்டும் வந்தபாடில்லை.

வளர்ப்பில் ஒரே நுணுக்கந்தான். இஞ்சியைப் போலப் படரும் கிழங்கின் முதுகு வெயிலில் காயவேண்டும். ஆழப் புதைத்தால் பூக்காது, நீர் தேங்கினால் அழுகும். ஆகவேதான் சரிவுநிலம் இதற்கு உகந்தது. மூன்று நான்கு ஆண்டுகட்கு ஒருமுறை, பூத்து முடிந்த கோடையில், கிழங்குகளைப் பிரித்து, முதிர்ந்த நடுப்பகுதியை எறிந்துவிட்டு, இலைகளை விசிறிபோல் கத்தரித்து மீண்டும் நடுவர். குளிர்காலம் இன்றி இது செம்மையாய்ப் பூப்பதில்லை. நம் சமவெளிப் பங்குகளில் பீடத்தை அலங்கரிக்க இதனை நாடுவது வீண்.

அண்மையிலுள்ள கியாந்தி மலைப்புறத்திலோ இம்மலருக்கு மதிப்பில்லை, கிழங்குக்கே மதிப்பு. தோலைச் சீவி உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் அதில் ஊதாப்பூவின் நறுமணம் பிறக்கும். கையால் சீவும் அவ்வேலை முன்னர்க் குடும்பம் முழுவதும் கூடிச் செய்தது.

வாள் வடிவான இலையை உடையதால், பண்டைய ஓவியர்கள் ஐரிஸை அன்னை மரியாளின் வியாகுலத்துக்கு அடையாளமாக்கினர். சிமியோன் முன்னுரைத்த வாள் அது. ஹ்யூகோ வான் டெர் கூஸ் வரைந்த போர்ட்டினாரி பீட ஓவியத்தில், பாலன் இயேசுவின் முன்னே, குவளை ஒன்றில் வெள்ளையும் ஊதாவுமாய் ஐரிஸ் மலர்கள் நிற்கின்றன. 1483-இல் புளோரன்ஸ் வந்த அவ்வோவியம் உஃபிட்சிக் கூடத்தில் உள்ளது. தோட்டம் அடைத்திருக்கும் மாதங்களில் செல்வோர் அங்கேனும் இம்மலரைக் காணலாம்.