பாதங்களையும் சற்றுப் பாருங்கள்



நாளொன்றுக்கு ஐந்து வேளை ஒளுச் செய்கிறோம். ஒவ்வொரு வேளையும் கரண்டை வரை இரு கால்களையும் கழுவுகிறோம். ஆயினும், ‘உங்கள் குதிகால் இன்று எவ்வாறு இருக்கிறது?’ என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் விடை கூற இயலும்? ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து, பக்கத்திலிருப்பவரோடு பேசியவாறே தடவிக் கழுவிவிட்டு எழுந்துவிடுகிறோம். கை பாதத்தைத் தொடுகிறது. கண் அதைப் பார்ப்பதில்லை.

குதிகால் நனையாமல் ஒளுச் செய்தோரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்த செய்தியை ஆண்டுதோறும் மதரஸாவில் பாடமாக நடத்துகிறேன். கால் விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது ஸுன்னத் என்பதைப் பிள்ளைகள் தடையின்றி ஒப்பிப்பார்கள். ஒப்பித்த பிள்ளையின் காலை நீட்டச் சொல்லிப் பார்த்தால், சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் வெளுத்து, ஊறி, உரிந்திருக்கும். சேற்றுப்புண்! பெயரில் சேறு இருப்பினும், ஈரம் தங்குமிடத்தில் வளரும் பூஞ்சையே பெரும்பாலும் இதற்குக் காரணம். கழுவுவதில் குற்றமில்லை. சுபுஹுக்கு ஒளுச் செய்த ஈரம் உலராமலே காலுறையையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடுவதுதான் வினையாகிறது.

ஒளுவின் நீரைத் துடைக்கலாகாது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. தேவையிருக்கும்போது துடைப்பதற்குத் தடையேதும் இல்லை. விரலிடுக்குகளை மட்டுமாவது தம் சொந்தத் துண்டால் ஒற்றியெடுங்கள். சொந்தத் துண்டு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில பள்ளிவாசல்களின் தூணில், வருவோர் போவோர் அனைவருக்குமாக ஒரே துவாலை தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். ஒருவர் காலின் பூஞ்சை ஊருக்கெல்லாம் பரவ அதைவிட எளிய வழி வேண்டியதில்லை.

இதற்கு குளோட்ரிமசோல், டெர்பினஃபின் போன்ற பூஞ்சைக் களிம்புகள் உள்ளன. அரிப்பு நின்றவுடனே களிம்பையும் நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாள் வரை தடவ வேண்டும். கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், வாங்கியவரும் மகிழ்வார். பூஞ்சையோ சந்தடியின்றிப் பரவிக்கொண்டிருக்கும்.

தாய்மார்களுக்குப் பெருந்தொல்லை பித்தவெடிப்பு. பித்தத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. வறண்டு தடித்த தோல், உடலின் பாரம் தாங்காமல் பிளக்கிறது. இரவில் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, சொரசொரப்பான கல்லால் மென்மையாகத் தேய்த்து, வாஸ்லினோ யூரியா கலந்த களிம்போ பூசிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்கினால் சில வாரங்களில் குறையும். கால் ஆணியோ செருப்பின் அழுத்தத்தால் வருவது. செருப்பை மாற்றாமல் ஆணியை மட்டும் அகற்றினால் அது மீண்டும் வரும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் ஊசி குத்துவதுபோல் வலித்தால், பெரும்பாலும் அது உள்ளங்காலின் அடித்தசைநார் நைந்ததன் விளைவு. ‘எலும்பு வளர்ந்துவிட்டது’ என்று எக்ஸ்ரே படத்தைக் காட்டினால் கலங்க வேண்டாம். எலும்பு வளர்ந்தும் வலியே இல்லாதவர் பலர் உண்டு. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி மடக்கும் பயிற்சியும், மெத்தென்ற செருப்பும், சில மாதப் பொறுமையும் பெரும்பாலோருக்குப் போதும்.

நாள் முழுதும் பாயில் அமர்ந்து பாடம் சொல்லும் எனக்கு இடது கரண்டையின் மேல் ஒரு காய்ப்பு உண்டு. அத்தஹிய்யாத் இருப்பில் அமரும் பலருக்கும் இது இருக்கும். புண்ணாகாதவரை இதற்கு மருந்து தேட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை தொல்லைகள். இனிச் சொல்வது ஆபத்து.

என் மூத்த மாமா இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உடையவர். 2019ஆம் ஆண்டு ரமலானில் உம்ராவுக்குச் சென்றார். ஹரமின் வாயிலில் விட்ட செருப்பு, லுஹர் தொழுது திரும்புவதற்குள் காணாமற்போயிற்று. கஅபாவைச் சுற்றியுள்ள மதாஃபின் வெண்பளிங்கு நண்பகலிலும் அவ்வளவாகச் சுடுவதில்லை. வெளித்தெரு அப்படியன்று. அவர் விடுதி வரை வெறுங்காலோடு நடந்தார்; அவருக்குச் சுடவே இல்லை. இரவில் விரிப்பின் ஈரக்கறையைக் கண்டு மாமிதான் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். விரல்களின் அடியில் கொப்புளம் உடைந்திருந்தது. “வலிக்கவில்லையே மருமகனே, வலிக்காத புண்ணுக்கு வைத்தியம் எதற்கு?” என்று ஊர் திரும்பிய பின்னும் என்னிடம் கேட்டார்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

வாசக நேயர்களே, அந்த ‘வலிக்கவில்லை’ என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் காலின் உணர்வு நரம்புகள் பழுதடைகின்றன. பலருக்கு இரத்த ஓட்டமும் குறைகிறது. நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது, தொழுநோயாளரின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை, வலியறியாமல் மீண்டும் மீண்டும் காயப்பட்டே அழிகின்றன என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயாளரின் காலுக்கும் இது அப்படியே பொருந்தும். அந்நாளில் தொழுநோயாளரின் பாதம் காக்கப் பயன்பட்ட எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளருக்கும் எழுதித் தருகிறார்கள். வலி என்பதும் அல்லாஹ் அளித்த காவல்தான் என்பது, அதை இழந்தவரைக் கண்ட பிறகே எனக்கு விளங்கிற்று.

ஆகவே, சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதத்தின் உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை அது. ஒளுவுக்கு வெந்நீர் எடுத்தால் காலை நனைக்குமுன் முழங்கையால் சூடு பாருங்கள். மேலே சொன்ன ஊறவைக்கும் முறையும், ஆணியைக் கரைக்கும் பிளாஸ்திரியும் உங்களுக்கு ஆகா. நகத்தை நேராக வெட்டுங்கள். சிறு காயமாயினும் சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, வாடை தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஒளு விட்டுப்போகுமே என்று அஞ்சிக் கட்டுப் போடாமல் இருப்பவர்களையும் நான் அறிவேன். காயத்தில் நீர் படலாகாது என்று மருத்துவர் விலக்கினால், கட்டின் மீது ஈரக்கையால் தடவுவதற்கும் தயம்மத்திற்கும் மார்க்கத்தில் இடமுண்டு. மத்ஹபுகளிடையே சிறு வேறுபாடுகள் இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் முறையைக் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

நம் வீட்டுப் பெரியவர்கள் தம் உள்ளங்காலைப் பிறருக்குக் காட்டக் கூசுகிறார்கள். மகனிடம் கூச்சம், மருமகளிடம் சொல்லவே வேண்டாம். கண்பார்வை மங்கி, குனியவும் இயலாத அவர்களின் பாதத்தை வேறு யார்தான் பார்ப்பது? இஷாவுக்குப் பின் பேரப்பிள்ளையை விளக்கருகே அமர்த்தி, “பாட்டனார் காலில் என்ன இருக்கிறது, சொல்” என்று கேளுங்கள். பிள்ளைகள் எதையும் மறைக்காமல் சொல்வார்கள். தனித்திருப்போர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைத் தூக்கிப் பார்க்கலாம்.

ஹஜ், உம்ராவுக்குப் புறப்படும் சர்க்கரை நோயாளரிடம் ஒரு வேண்டுகோள். செருப்பை வாயிலில் விடாதீர்கள். துணிப்பையில் இட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். பையில் மாற்றுச் செருப்பும் இருக்கட்டும். பயணத்திற்கென்று புதிதாக வாங்காமல், கரண்டையை மறைக்காத, அணிந்து பழகிய செருப்பையே எடுத்துச் செல்லுங்கள். பெண்கள் இஹ்ராமிலும் காலுறை அணிந்தே தவாஃப் செய்யலாம்.