ஜீனோவும் தாத்தாவும்

அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் படிக்க அறிவியல் புனைகதைதான் லாயக்கு என்பது அந்த மாணவனின் கட்சி. ஃபேன்டஸி? டிராகன், மந்திர வாள், பக்கம் பக்கமாகக் குலவரலாறு... கொரட்டூர் வருவதற்குள் தூங்கிவிடுவானாம்! (டோல்கின் ரசிகர்கள் மன்னிக்க.)

வாத்தியார் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' என்றால் மட்டும் உயிர். 1980களில் ஆனந்த விகடனில் வந்த தொடர். கதை நடப்பதோ 2020களில். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், குழந்தை பெற அரசு அனுமதி, எத்தனை நாள் வாழலாம் என்பதும் அரசின் முடிவு. ஆள்பவர் பெயர் ஜீவா. படிக்கும்போதே ரயில் 'வியாசர்பாடி ஜீவா'வில் நின்றால் சிரிப்பு வராதா என்ன? (அந்த ஜீவா வேறு, கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தம்.)

"2020 வந்தாச்சு, பேசுற நாய் எங்கடா?" என்று நண்பர்கள் கலாய்ப்பார்கள். பள்ளியில் படித்தபோது அவனுக்கும் ஜீனோ அடிக்கும் ஜோக்குதான் மொத்தக் கதையும்.

2020 ஊரடங்கில் மறுபடி எடுத்தான். "வயசானவங்களுக்குத்தான் ஆபத்து, நமக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஆளாளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நேரம். உள்ளறையில் தாத்தா இருமினார். வாழ்நாளை அரசு குறிக்கும் அந்தப் பக்கத்தை அவனால் தாண்ட முடியவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டு வெந்நீர் வைக்கப் போனான். ஜீனோ காத்திருக்கட்டும், அதற்கென்ன வயதா ஆகப்போகிறது!