கழற்றுவதற்காகக் கட்டுவது

வீடு கட்டுகிறவருக்கு ஒரு கவலைதான்: கட்டியது நிற்க வேண்டும். நாடகத்துக்கு செட் போடுகிறவனுக்கு இரண்டு. நிற்கவும் வேண்டும், அன்று இரவே பிரிந்து லாரியில் ஏறவும் வேண்டும். சென்னை சபாக்களில் மாலை ஆறரைக்கு நாடகம் என்றால் மத்தியானத்துக்கு மேல்தான் மேடை நம் கைக்கு வரும். காலையில் அங்கே ஏதாவது ஆண்டு விழா நடந்து, தரையெங்கும் ரோஜா இதழும் செல்லோடேப்பும் ஒட்டிக் கிடக்கும். நாடகம் முடிந்ததும் ரசிகர்கள் காபி குடித்துக் கலைவதற்குள் வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு பக்கவாட்டில் வந்து நிற்பார். அந்த இடைவெளிக்குள் ஒரு மயிலாப்பூர்க் கூடமும் ஒரு ஆபீஸும் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவும் தோன்றி மறைய வேண்டும்.

அதனால் வரைபடம் போட உட்காரும்போது நான் முதலில் யோசிப்பது அழகைப் பற்றி அல்ல. இது எத்தனை துண்டாகப் பிரியும், ஒரு துண்டை இரண்டு பேர் தூக்க முடியுமா, அந்த அரங்கின் பின்வாசல் என்ன அகலம் என்பதுதான். அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் அட்டையில் மாதிரி செய்வேன். டைரக்டருக்கு அது செட் எப்படி இருக்கும் என்று காட்டும். எனக்கு அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அட்டையிலேயே சிக்குகிற மூலை, மேடையில் இருட்டில் கட்டாயம் சிக்கும்.

பொருட்கள் எளிமையானவை. ரீப்பர்க் கட்டையில் சட்டம், அதன்மேல் இழுத்து அறைந்த காடாத் துணி. துணி தொய்யாமல் இருக்க வஜ்ஜிரத்தைக் காய்ச்சிச் சாக்பீஸ் தூளோடு கலந்து பூசுவது பழைய முறை. இப்போது ஃபெவிகால் வந்துவிட்டது. வாடை இல்லை, சௌகரியம். பெயின்ட் மட்டும் பளபளப்பில்லாததாக இருக்க வேண்டும். எனாமல் அடித்த சுவர் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடியாக மாறி, நடிகர் முகத்தை விழுங்கிவிடும். இரண்டு சட்டங்களை இணைப்பது ஆணி அல்ல, கீல். ஒரு பாதி இந்தச் சட்டத்தில், மறு பாதி அடுத்ததில். நடுவில் உள்ள கம்பியைச் செருகினால் சுவர், உருவினால் இரண்டு பலகை. இந்தத் தொழிலில் இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை.

கதவுதான் பெரிய தொல்லை. மருமகள் கோபத்தில் கதவைச் சாத்துகிறாள், வீட்டுச் சுவர் முழுவதும் ஆடுகிறது, சபையில் சிரிப்பு. அதற்காகக் கதவு நிலையை மட்டும் சுவரிலிருந்து தனியாக நிறுத்தி, பின்னால் முட்டுக் கொடுத்து, முட்டின் அடியில் மணல் மூட்டை வைப்போம். படிக்கட்டில் எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒரு படி அரை அங்குலம் கூடினாலும் நடிகரின் கால் அதைக் கண்டுபிடித்துவிடும், வசனத்தின் நடுவில். உயர்த்திய பலகைமேல் நடந்தால் டம் டம் என்று கேட்கும்; ராஜாவின் நடை பெட்டிமேல் நடப்பதுபோல ஆகிவிடும். ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, மேலே துணி அறைந்தால் சத்தம் அடங்கும்.

எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இதைவிடப் பெரிய காரியங்களைச் செய்தவர்கள். கன்னையா கம்பெனியின் தசாவதாரத்தைப் பார்க்க ஊர் ஊராகச் சனம் திரண்டது. நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் காட்சி ஜோடனைக்கென்றே தனிப் பெயர் இருந்தது. ஆர்.எஸ்.மனோகர் 'இலங்கேஸ்வரன்' போட்ட காலத்தில் தந்திரக் காட்சிகளைப் பார்க்கவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. அந்தக் காலத்து மேடையின் முதுகெலும்பு படுதாக்கள்: தர்பார், தெரு, காடு, தோட்டம், சிறைச்சாலை. மூங்கிலில் சுருட்டி மேலே கட்டியிருப்பார்கள். கயிற்றை விட்டால் ஊர் மாறிவிடும். அவற்றை எழுதிய ஓவியர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. காலண்டர் ஓவியத்தில் கோவில்பட்டியின் பெயரை நாடறியச் செய்த சி.கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர்தான். தமிழர் வீட்டுச் சுவர்களில் தொங்கிய முருகனுக்கும் லட்சுமிக்கும் பின்னால் இருக்கிற அரண்மனைத் தூணும் மேகமும் நாடக மேடையிலிருந்து இறங்கியவை என்று நான் நினைப்பதுண்டு.

படுதாவில் ஒரு குறை உண்டு. அதில் எழுதிய தெரு தூரத்தில் போகப் போகச் சுருங்கும். நடிகர் சுருங்க மாட்டார். அவர் பின்னால் நாலடி நகர்ந்தால் மாடி வீட்டைவிட உயரமாகிவிடுவார். ஆகவே படுதா நாடகத்தில் எல்லோரும் முன்மேடையிலேயே வரிசையாக நின்று பேசினார்கள். நடிப்பு முறையே அதற்கேற்ப அமைந்தது. காட்சி அமைப்பு நடிப்புக்குப் பின்னணி மட்டும்தான் என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்வேன்: நடிகர் எங்கே நிற்க முடியும், எப்படித் திரும்ப முடியும் என்பதை முதலில் தீர்மானிக்கிறவன் தச்சன்.

வங்காளத்தில் இதை வேறு விதமாக யோசித்தார்கள். 1954-இல் பஹுரூபி குழு தாகூரின் 'ரக்தகரபி'யை மேடையேற்றியபோது காலித் சௌதுரி அமைத்த மேடையில் அரண்மனை என்று ஒன்றை எழுதி மாட்டவில்லை. மேடுகளும் வடிவங்களும்தான் இருந்தன. 1959-இல் உத்பல் தத் மினர்வா அரங்கில் போட்ட 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்குவார்கள். மேடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. தாபஸ் சென் விளக்குகளை வைத்தே தண்ணீர் மட்டத்தை ஏற்றினார். வெளிச்சம் போடுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு காட்சிக்கு இன்றும் கும்பிடு போடுவார்கள்.

விளக்கைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. அந்தக் காலத்தில் வெளிச்சத்தைக் குறைக்க உப்புத்தண்ணீர் டிம்மர் இருந்தது. பீங்கான் குழாயில் உப்புக் கரைசல், அதற்குள் இரண்டு உலோகத் தகடுகள். மேல் தகட்டைக் கயிற்றால் இறக்க இறக்க விளக்கு பிரகாசமாகும், தூக்கினால் மங்கும். தண்ணீர் கொதித்து ஆவி பறக்கும். தொட்டால் ஆள் போய்விடுவான். ஆனால் அந்த மங்கல் அவ்வளவு சீராக இருக்குமாம். பிறகு தைரிஸ்டர் டிம்மர் வந்தது, இப்போது எல்.இ.டி. நிறம் மாற்றக் கண்ணாடித்தாள் செருக வேண்டாம், சூடு இல்லை, கரன்ட் மிச்சம். ஆயிரம் வாட்ஸ் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இருபது மாட்டினால் 87 ஆம்பியர். பழைய மண்டபத்தின் ஃப்யூஸ் கேரியரை நினைத்தால் வயிறு கலங்கும். இவ்வளவு சொன்ன பிறகும், மாலை நேரக் காட்சிக்கு எனக்குப் பழைய குண்டு பல்புதான் வேண்டும். இழை குளிரக் குளிர அதன் வெளிச்சம் தானாக மஞ்சளாகி, செம்மையாகி, பிறகுதான் அணையும். சாதாரண எல்.இ.டி. அதே வெள்ளையில் குறைந்துகொண்டே போய்ச் சட்டென்று காணாமல் போகும். அதில் அந்தி இல்லை.

விளக்கும் துணியும் சேர்ந்தால் எளிய வித்தைகள் நடக்கும். கொசுவலைத் துணியில் சுவர் எழுதி, முன்பக்கம் சாய்வாக வெளிச்சம் அடித்தால் அது சுவர். முன் விளக்கை இறக்கி, பின்னால் இருப்பவர்மேல் வெளிச்சம் ஏற்றினால் சுவர் கரைந்து செத்துப்போன தாத்தா தெரிவார். ஒளி எதன்மேல் விழுகிறதோ அதைத்தான் கண் பார்க்கும். வேறு ரகசியம் இல்லை. ஆனால் வலைத்துணியில் ஒரு சுருக்கம் இருந்தால் தாத்தாவுக்குப் பதில் கொசுவலை தெரியும்.

காட்சி மாறும் அந்த இருட்டுதான் எங்கள் உண்மையான அரங்கேற்றம். விளக்கு அணைந்ததும் ரசிகர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல். கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும்; அந்த நேரம் நமக்குக் கிடையாது. அதனால் சைடில் நிற்கிற பையன்களிடம், கடைசி வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வேன். விளக்கு போனதும் அந்தக் கண்ணைத் திறந்தால் சோபாவின் விளிம்பாவது தெரியும். யார் எதைத் தூக்குவது, எந்த வழியாகப் போவது, யார் யாருக்கு வழிவிடுவது எல்லாம் ஒத்திகையில் நடனம்போல முடிவாகியிருக்க வேண்டும். நடிகர்களுக்கு மாதக்கணக்கில் ஒத்திகை வைக்கிற குழுக்கள், காட்சி மாற்றத்துக்கு ஒருநாள் மாலைகூட ஒதுக்காததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பத்து வினாடிக்கு மேல் இருட்டு நீண்டால் சபையில் செல்போன்கள் ஒளிரும். அப்புறம் அடுத்த காட்சி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நெருப்பைச் சொல்லாமல் மேடையைப் பற்றி எழுதக் கூடாது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா தியேட்டரில் ஒரு ஆர்க் விளக்கிலிருந்து தீ திரைத்துணியில் பற்றியது. தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது, வெளியே போகும் கதவுகள் பலவும் திறக்கவில்லை. 600 பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். நம் மேடையிலும் துணி, கட்டை, பெயின்ட், சூடான விளக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வெங்காரத்தையும் போரிக் அமிலத்தையும் தண்ணீரில் கரைத்துத் துணியில் தெளித்துக் காயவைத்தால் அது சுலபத்தில் பற்றாது. செலவு அதிகம் இல்லை. துவைத்தால் போய்விடும், மறுபடி தெளிக்க வேண்டும். 'அதெல்லாம் எதுக்குண்ணே' என்று கேட்கிற குழுவுக்கு நான் செட் போடுவதில்லை.

இப்போது எல்லோரும் பின்னால் எல்.இ.டி. திரை வைக்கிறார்கள். அரண்மனையா, அருவியா, அமெரிக்காவா, ஒரு பென் டிரைவில் முடிந்தது. நான் அதை வெறுக்கவில்லை. ஆனால் அது படுதாவின் பேரன்தான். தாத்தாவின் குறை பேரனுக்கும் உண்டு. நடிகர் அதில் சாய முடியாது, அதன் கதவைத் திறக்க முடியாது. அதோடு திரையே வெளிச்சம் கக்குவதால் முன்னால் நிற்கிறவர் நிழலாகிவிடுகிறார். அவரை மீட்க முன்விளக்கை ஏற்றினால் மேடை முழுவதும் கல்யாண ரிசப்ஷன்போல ஆகிவிடுகிறது. திரையின் பிரகாசத்தைக் கால்வாசிக்குக் குறைத்து, முன்னால் ஒரே ஒரு நிஜமான கதவு வைத்துப் பாருங்கள். நாடகம் திரும்பி வரும்.

இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். டில்லி தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது, திருச்சூர் நாடகப் பள்ளி இருக்கிறது, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. போங்கள். போவதற்கு முன் ஒரு தச்சரிடம் ஆறு மாதம் இருங்கள். ஒரு எலக்ட்ரீஷியனிடம் எர்த் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து பார்க்கப்போகிற நாடகம் முடிந்ததும் கைதட்டிவிட்டு எழுந்து போகாமல், மேடைக்குப் பின்னால் வந்து இரண்டு சட்டங்களைத் தூக்கி லாரியில் ஏற்றுங்கள். அங்கே ஆள் எப்போதும் குறைவு. யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.