பத்துக்கண்ணில் இறங்கி

அரைப் பரீட்சை முடிந்த மறுநாளே ஆயா வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். புதுச்சேரி டவுனிலிருந்து வில்லியனூர் வழியாகப் போகிற பஸ். இறங்குகிற இடம் பத்துக்கண்ணு. பத்துக் கண் உள்ள பூதம் அங்கே உட்கார்ந்திருப்பதாக நம்பி, ஊர் நெருங்கும்போது அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். மதகிலும் பாலத்திலும் தண்ணீர் புகுந்து போகும் திறப்புக்குக் கண் என்று பெயர் என்பது பின்னால் தெரிந்தபோது, கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

அங்கிருந்து ஊசுட்டேரிக் கரைக்கு நடை. டவுனில் ராத்திரியெல்லாம் கடல் இரைந்துகொண்டே இருக்கும். இத்தனை பெரிய தண்ணீர் சத்தமே போடாமல் கிடந்தது எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஏரியில் பாதிதான் புதுச்சேரி, மீதி தமிழ்நாடு. "அந்தக் காலத்துல அக்கரை இங்கிலீசுக்காரன், இக்கரை பிராஞ்சுக்காரன். மீனு மட்டும் ரெண்டு பேருக்கும் வரி கட்டல" என்று ஆயா சொல்லும்.

ஒரு வருஷம் மழை தாராளம். சுத்துக்கேணி வாய்க்காலில் சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் ஏரிக்கு நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ராத்திரி மாமா திண்ணையில் உட்கார்ந்து, "ஏரி கோடி போவுது" என்றார். எத்தனை கோடி ரூபாய் என்று கேட்டேன். ஆயாவுக்குச் சிரிப்பில் வெற்றிலைச் சாறு புரையேறிவிட்டது.

விடியலில் கூட்டிப்போய்க் காட்டினார் மாமா. ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம்தான் கோடி. கண்ணாடித் தகடு மாதிரி தண்ணீர் கல்லின் மேல் வழுக்கி இறங்கியது. அதை எதிர்த்துக் கெண்டைகள் துள்ளி ஏறின. பையன்கள் பழைய வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் கை விட்டேன். எனக்குக் கிடைத்தது கெளுத்தி; அதன் முள்தான் முதலில் கிடைத்தது. கட்டைவிரல் சாயங்காலம்வரை கடுத்தது. ஆயா சுண்ணாம்பைத் தடவிவிட்டு, அந்தக் கெளுத்தியையே அடுப்புச் சாம்பல் போட்டு, வழவழப்புப் போகுமட்டும் கல்லில் உரசி, கத்திரிக்காய் சேர்த்துக் குழம்பு வைத்தது. பழி தீர்த்துக்கொண்ட ருசி.

நாமக்கோழியை அங்கேதான் முதலில் பார்த்தேன். கரிக்கட்டை நிறம், அலகும் வெள்ளை, அதற்கு மேலே நெற்றியில் வெள்ளைப் பட்டை. தாத்தாவுக்கும் அதே இடத்தில்தான் நாமம் என்பதால், அந்தப் பறவைகளிடம் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அதைக் கண்ணி வைத்துப் பிடித்து விற்பவர்களும் இருந்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒருநாள் அந்தக் கறி கொதித்தது. நான் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான், சாப்பிட்டேன்.

2008-ல் புதுச்சேரி அரசு ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆயா வீடு இப்போது இல்லை. பார்க்க நினைப்பவர்கள் மார்கழியில், வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுங்கள். கரையில் சத்தம் கேட்டால் நாமக்கோழிகள் நடு ஏரிக்குப் போய்விடும். அங்கே எல்லாம் வெறும் கரும்புள்ளிதான், நாமம் தெரியாது.