அரிக்கன்சட்டி தேடிய கதை

சோற்றில் ஒரு கல் கடிபட்டால் அது என்ன பெரிய விடயமா என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு அது பெரிய விடயமாகத்தான் இருந்தது. ஒரேயொரு கல்லினால் என் பிழைப்பே நின்றுபோகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப்போல வீட்டு அடுப்பை நம்பி வாழ்கிற சகோதரிகள் யாருக்காவது இது உதவினால் மகிழ்ச்சி.

நான் கிளிநொச்சிக்கு அண்மையில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். 2009 மார்ச்சில் மாத்தளனில் எறிகணை விழுந்து என் கணவர் இறந்தார். அம்மாவும் நானும் இரண்டு பிள்ளைகளும் செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். 2010 இல் சொந்தக் காணிக்குத் திரும்பியபோது எங்களிடம் இருந்தவை நிவாரணமாகத் தந்த இரண்டு அலுமினியப் பானைகள், ஒரு தாச்சி, ஒரு பிளாஸ்ரிக் வாளி. இருந்த வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. குசினி இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை வளர்ந்திருந்தது. அம்மா அதற்குள் ஒரு தடியால் கிளறிக் கிளறிப் பார்த்தா. அம்மியின் ஒரு பாதி கிடைத்தது. குழவி இல்லை. திருவலை, இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, சுளகு, உறி ஒன்றும் இல்லை.

அவற்றையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிக்கொண்டோம். திருவலையைப் பட்டறையில் சொல்லிச் செய்வித்தோம். நீத்துப்பெட்டியும் சுளகும் கொடிகாமம் சந்தையில் வாங்கினோம். இடியப்ப உரலை ஒரு உறவினர் தந்தார். கிடைக்காமல் போனது அரிக்கன்சட்டி ஒன்றுதான். அப்போது அதைப்பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை.

2015 இல் கிளிநொச்சியில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல் கொடுக்கத் தொடங்கினேன். எங்களுக்கு இரணைமடுத் தண்ணீர் பாய்கிற ஒரு ஏக்கர் வயல் இருக்கிறது. அதில் விளைகிற நெல்லை வீட்டிலேயே அவித்து, காயவைத்து, பக்கத்திலுள்ள சின்ன ஆலையில் குற்றிச் சமைப்பேன். சொந்த அரிசி என்பதால் ஒரு பார்சலை 120 ரூபாவுக்குக் கொடுத்தும் கையில் கொஞ்சம் மிஞ்சியது. எட்டுப் பார்சலில் தொடங்கி இருபத்தைந்து வரை வந்தது. அந்தக் காசில்தான் மூத்தவளின் ரியூசனும் சின்னவனின் சப்பாத்தும்.

ஆனால் சொந்த நெல்லில் ஒரு தொல்லை இருந்தது. எங்கள் முற்றம் போதாது. ஊரிலுள்ள எல்லாரையும்போல நானும் அவித்த நெல்லைத் தெருவில்தான் காயப்போடுவேன். கூட்டி அள்ளும்போது மண்ணும் குறுணிக் கல்லும் சேர்ந்து வரும். பெரிய ஆலைகளில் கல் நீக்குகிற இயந்திரம் இருக்கிறது. எங்கள் சின்ன ஆலையில் இல்லை. சுளகில் புடைத்தால் உமியும் தூசியும் போகும். பெரிய கல்லைக் கையால் பொறுக்கலாம். அரிசியின் நிறத்திலேயே, அரிசியின் அளவிலேயே இருக்கிற கல்லை விடியப்புறம் நான்கு மணிக்கு ஒரு மின்குமிழ் வெளிச்சத்தில் எப்படிப் பொறுக்குவது?

2017 இல் ஒருநாள் பார்சல் எடுக்கிற ஒரு ஐயா என்னை அழைத்து, ஒரு கடதாசியைப் பிரித்துக் காட்டினார். அதில் ஒரு கல்லும், அவருடைய பல்லின் உடைந்த துண்டும் இருந்தன. அவர் ஏசவில்லை. "பிள்ளை, உன்ரை கறிக்காகத்தான் இவ்வளவு நாளும் எடுத்தனான். இனி எனக்குப் பயமா இருக்கு" என்றார். அடுத்த நாள் அவரோடு இருக்கிறவர்களும் நிறுத்திவிட்டார்கள். இருபத்தைந்து பார்சல் ஒரு கிழமைக்குள் பதினொன்றாகிவிட்டது. கடை அரிசி வாங்கிச் சமைக்கலாமா என்று கணக்குப் பார்த்தேன். பதினொரு பார்சலுக்குக் கடை அரிசி வாங்கினால் எனக்கு மிஞ்சுவது விறகுக் காசு மட்டும்தான்.

அன்று இரவு அம்மா சொன்னா, "அரிக்கன்சட்டி இருந்திருந்தா அந்த மனுசன்ரை பல்லு போயிருக்காது."

அம்மாவின் அரிக்கன்சட்டியை எனக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது. அகன்ற வாயுள்ள மண்சட்டி. உள்பக்கம் முழுவதும் வரிவரியாகக் கீறல் இருக்கும். அரிசியைத் தண்ணீரோடு அதில் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து அசைத்து அசைத்துச் சரிக்க வேண்டும். அரிசி பாரம் குறைந்தது, தண்ணீரோடு மிதந்து வந்து பானைக்குள் விழும். கல் பாரமானது, அடியில் இறங்கி அந்த வரிகளுக்குள் மாட்டிக்கொள்ளும். கண் பார்க்கத் தேவையில்லை.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது அம்மா அந்தச் சட்டியைப் பழஞ்சேலையில் சுற்றிக் கடகத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தா. "மண்சட்டியைக் காவிக்கொண்டு வாறாய், தங்கச்சிக்குச் சட்டை எடுத்தனியோ?" என்று அப்பா ஏசினது காதில் நிற்கிறது. சாவகச்சேரிக்கும், பிறகு வன்னிக்கும் அது வந்தது. கடைசியில் 2009 இல் இரணைப்பாலையில், பதுங்குகுழியின் மண் சரிந்தபோது உடைந்தது. அதற்குப் பிறகு முள்ளிவாய்க்காலில் நாங்கள் குடித்த கஞ்சியில் ஒவ்வொரு மிடறிலும் கடற்கரை மணல் கடிபட்டது. முகாமில் தந்த அரிசியை அம்மா நாள் முழுக்க மடியில் வைத்துக் கல் பொறுக்கினா. அப்போது அவவுக்குக் கண் தெரிந்தது. 2017 இல் இரண்டு கண்ணிலும் வெண்புரை. பொறுக்க அவவாலும் முடியாது.

தேடத் தொடங்கினேன். முதலில் கிளிநொச்சிச் சந்தை. மண்சட்டி விற்கிற பிள்ளைக்கு இருபது வயதிருக்கும். "அரிக்கன்சட்டி இருக்கோ தங்கச்சி?" என்றேன். "அரிக்கன் லாம்போ அக்கா? அது பழைய சாமான் கடையிலைதான் இருக்கும்" என்றாள். அவளில் பிழையில்லை. அவள் பிறந்து வளர்ந்த காலத்தில் அந்தச் சட்டியைக் கண்டிருக்க வழியில்லை.

பிறகு கொடிகாமம். அங்கே ஒரு வயதான அம்மாவுக்குப் பெயர் தெரிந்திருந்தது. "இப்ப ஆர் மோனை வாங்குகினம்? அரிசியெல்லாம் கல்லில்லாமல் பைக்கற்றிலை வருகுது. வாங்க ஆளில்லாட்டி குயவன் ஏன் வனையப் போறான்?" என்றா. திருநெல்வேலிச் சந்தையிலும் இதே பதில்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் மட்டும், "இதுதான் நீங்கள் கேட்கிறது" என்று சொல்லி, வரி போட்ட அகன்ற மண் பாத்திரம் ஒன்றை 600 ரூபாவுக்குத் தந்தார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சந்தோசமாக வந்தேன். அம்மா கையால் ஒருதரம் தடவினா. வெளியில் தடவினா, உள்ளே தடவினா. பிறகு சிரித்தா. "எடி பிள்ளை, வரி வெளியிலை கிடக்கு. உள்ளுக்கு வழுக்குது. இது பூச்சாடிக்குக் கீழை வைக்கிற தட்டு." அவவோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு பஸ் காசையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது அழுகை வந்தது. அந்தத் தட்டில் இன்றைக்கும் எங்கள் கோழிகள் தண்ணீர் குடிக்கின்றன.

அடுத்த மாதம் அம்மாவின் கண்ணுக்குத் திகதி வாங்க வவுனியா ஆசுபத்திரிக்குப் போனோம். திரும்பும்போது பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பாத்திரக் கடையொன்றின் முன்னால் நிழலில் நின்றோம். கடையில் ஒரு சிங்கள அம்மா இருந்தா. அறுபது வயதிருக்கும். முகாமில் பழகிய அரைகுறைச் சிங்களத்தில் அரிசி, கல், சட்டி என்று சொல்லிப் பார்த்தேன். அவ அகப்பையைக் காட்டினா, வடியைக் காட்டினா. "சரிவராது, வாணை போவம்" என்று அம்மாவின் கையைப் பிடித்தேன்.

அம்மா கையை விடுவித்துக்கொண்டா. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வெறும் காற்றில் ஒரு சட்டியைப் பிடித்ததுபோலப் பிடித்து, அரிக்கத் தொடங்கினா. அசைத்து, சரித்து, அசைத்து, சரித்து. வாயால் "சர்... சர்..." என்று சத்தமும் வைத்தா.

அந்தக் கடைக்கார அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆ, நெம்பிலிய!" என்றா. உள்ளே போய் ஒரு மேல்தட்டிலிருந்து தூசி தட்டிக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தா. அலுமினியத்தில் செய்தது. அகன்ற வாய். உள்பக்கம் முழுக்க வரி.

அம்மா நகத்தால் வரிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தா. "வரி சரி" என்றா. "மண்ணில்லை. ஆனா வரி சரி."

தன்னுடைய அம்மாவும் மண்ணில் செய்ததைத்தான் வைத்திருந்தா என்றும், அது உடைந்த பிறகு அப்படியொன்று தனக்கும் கிடைக்கவில்லை என்றும் அந்த அம்மா சொன்னா. 450 ரூபா விலை. 400க்குத் தந்தா. ஒரு மாதமாக நான் பெயரைச் சொல்லிக் கேட்டுக் கிடைக்காததை, கண் தெரியாத என் அம்மா கையால் செய்துகாட்டி வாங்கினா.

அடுத்த நாள் விடிய என்னைப் பக்கத்தில் இருத்திப் பழக்கினா. ஒருதரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் போடக்கூடாது. அரிசி மூழ்கி மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். சட்டியைச் சுழற்றக்கூடாது, பக்கத்துக்குப் பக்கம் அசைக்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்ச அரிசிதான் பானைக்குள் போகவேண்டும். அவசரப்பட்டுக் கவிழ்த்தால் கல்லும் சேர்ந்து போய்விடும். கடைசியில் ஒரு கைப்பிடி அரிசியும் கல்லும் மிஞ்சும். அந்தக் கைப்பிடியைத் திரும்பத் தனியாக அரிக்க வேண்டும். "கையாலை செய்யாதை, காதாலை செய்" என்றா. கல் வரியில் உரசும்போது ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நின்றபிறகு இன்னும் இரண்டு தரம் அரித்தால் போதும்.

மிஞ்சிய கல்லை அம்மா ஒரு சிரட்டையில் போட்டு வைத்தா. ஒரு மாதம் முடிய எடுத்துப் பார்த்தேன். அரைச் சிரட்டை நிறைந்திருந்தது. என் நெஞ்சு திக்கென்றது. இரண்டு வருடமாக இவ்வளவையும் யாருக்கெல்லாம் சோற்றோடு கொடுத்திருப்பேன்! அந்தச் சிரட்டையைக் கொண்டுபோய்ப் பல்லுடைந்த ஐயாவிடம் காட்டினேன். "இவ்வளவும் இனி உங்கடை பார்சலுக்கு வராது ஐயா" என்றேன். அவர் சிரட்டையை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். "சரி, நாளைக்கு ஒண்டு கொண்டு வா" என்றார். மூன்று மாதத்தில் பழைய இருபத்தைந்துக்கு வந்துவிட்டேன்.

எங்கள் மாதர் சங்கத்திலும் இதைச் சொன்னேன். ஐந்து பேர் காசு சேர்த்துத் தந்தார்கள். அடுத்த கண் கிளினிக்குக்குப் போனபோது அதே கடையில் ஐந்து சட்டி வாங்கி வந்தேன். அம்மா வேப்பமரத்தடியில் இருந்து அவர்களுக்கும் பழக்கினா. அவர்களில் ஒருத்தி சின்ன வயதிலேயே முகாமுக்குப் போய், தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை. அரிசி அரிப்பது என்ற சொல்லையே அன்றுதான் முதலில் கேட்டாள். அவளுடைய இரண்டு கையின் மேலும் அம்மா தன் கையை வைத்து அசைத்துக் காட்டினா.

இப்படி எதையாவது தேடுகிற சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். ஒரு பொருளின் பெயர் ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி வேறாக இருக்கும். அதன் வேலை எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதனால் பெயரைச் சொன்னால் விளங்காத இடத்தில் வேலையைச் செய்துகாட்டிக் கேளுங்கள். அதைப் பாவித்துப் பழகிய வயதான ஒருவரை முடிந்தால் கூட்டிப்போங்கள். அரிக்கன்சட்டி வாங்கும்போது உள்வரியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகம் மாட்டினால்தான் கல்லும் மாட்டும். கடைக்காரர் சொல்கிறார் என்பதற்காக, என்னைப்போலக் கோழித் தட்டு வாங்கி வராதீர்கள்.

அம்மாவுக்கு 2018 இல் ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார்கள். பார்வை வந்ததும் அந்தச் சட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நான் நினைச்ச அளவுக்கு வடிவில்லை" என்றா. 2021 இல் அவ எங்களைவிட்டுப் போய்விட்டா. சட்டி இப்போது இரண்டு இடத்தில் நெளிந்திருக்கிறது. இன்றைக்கும் விடிய நான்கு மணிக்கு அதில்தான் அரிக்கிறேன். விளக்கைப் போடுவதில்லை. சத்தம் நின்றபிறகு இன்னும் இரண்டு தரம் அரித்துவிட்டுத்தான் உலை வைக்கிறேன்.